அம்மாவின் காதுக்கு ஒரு குரல்

1971-ஆம் வருடம் ஐப்பசி மாதத்தில், சென்னையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில், மைக்கின் முன்னால் நின்று அலறிக்கொண்டிருந்தபோது என் குரல் போயிற்று. கிணற்றில் விழுந்த பிள்ளையைப் பார்த்துத் தாய் அலறுகிற காட்சி. திரையில் வாய் திறந்தவள் ஒரு நடிகை. அலற வேண்டியவள் நான். முதல் அலறல் சரியாக வந்தது. அடுத்ததில் தொண்டைக்குள் ஏதோ அறுந்தது போல இருந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. கைக்குட்டையில் துப்பிப் பார்த்தேன். சிவப்பாக இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர், "லெவலே வரலையேம்மா, மைக்க விட்டுத் தள்ளி நிக்கிறியா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதுவும் வரவில்லை.

என்னை அறியாதவர்களும் இதை வாசிப்பீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். என் பெயர் பிலோமினா. மாரண்டஹள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து போகிற தூரத்தில் எங்கள் ஊர். ராகி, தக்காளி, கொஞ்சம் மானாவாரி. அப்பா நான் படித்துக்கொண்டிருக்கும்போதே இறந்துவிட்டார். அண்ணன் அந்தோணி நிலத்தைப் பார்த்துக்கொண்டார். சென்னையில் ஒலிப்பதிவுத் தொழில்நுட்பம் படித்து, ஒரு கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். இயந்திரத்தின் பக்கம் உட்காரப் போனவள் மைக்கின் பக்கம் போனது எப்படி என்றால், எங்கள் பக்கத்தில் பாதி ஊர் கன்னடம் பேசும், அடுத்த தெரு தெலுங்கு பேசும். தெலுங்குப் படத்தையும் கன்னடப் படத்தையும் தமிழாக்கும்போது எந்த இடத்தில் நடிகையின் உதடு மூடும், எங்கே திறக்கும் என்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. ஒரு நாள் வர வேண்டிய பெண் வரவில்லை. என்னை நிறுத்தினார்கள். அதன் பிறகு நான் உட்காரவில்லை.

டப்பிங்கில் ஒரு காட்சியை வெட்டி, இரண்டு நுனியையும் ஒட்டி, வளையமாக்கி ஓட்டுவார்கள். அது சுற்றிச் சுற்றி வரும். குரலும் உதடும் பொருந்துகிறவரை பேச வேண்டும். சாவுக் காட்சி என்றால், பொருந்துகிறவரை அதே பிணம் மறுபடி சாகும், நான் மறுபடி அழுவேன். எனக்கு அழுகை நன்றாக வந்தது. அதனால் அழுகைக்கும் அலறலுக்கும் என்னையே கூப்பிட்டார்கள். மெல்லிய, உச்சத்தில் போகிற குரல். கம்பி போல இருக்கிறது என்பார்கள். தொண்டை கரகரத்தபோது சித்தரத்தையும் பனங்கற்கண்டும் போட்டுக்கொண்டு அடுத்த வளையத்துக்குப் போனேன்.

மருத்துவர் தொண்டைக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்தார். குரல் நாணில் ஒரு கட்டி வெடித்திருக்கிறது, எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். புற்றாக இருக்குமா என்று நான் கேட்கவில்லை; கேட்கக் குரல் இல்லை. அவராகவும் சொல்லவில்லை. முடிவு வரும்வரை விடுதிக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். புற்று இல்லை என்று வந்தது. ஆனால், "பழைய குரல் வராதும்மா. நாணில் தழும்பு விழுந்துடுச்சு. கொஞ்ச வாரம் வாயே திறக்காதே. அப்புறமும் அளவாத்தான் பேசணும்," என்றார்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே பெட்டியோடு ஊருக்கு வந்துவிட்டேன். ஒரு சிலேட்டும் பலப்பமும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

பக்கத்து நிலத்துக்காரர் ராமக்கா முதல் நாளே பார்க்க வந்தார். வாசலில் நின்று, விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய், தெருவே திரும்பிப் பார்க்கும்படி, "சோறு... சோறு துன்னியா?" என்று கத்தினார்.

"ஏங்க்கா, அவளுக்கு வாய்தான் போச்சு. காது நல்லாத்தான் இருக்குது," என்றார் அண்ணன்.

"எனக்கென்னப்பா தெரியும். பேச்சு இல்லாதவங்களுக்குக் காதும் இருக்காதுன்னு நெனச்சேன்." பிறகு, எனக்குக் கேட்காது என்பது போலவே, அண்ணனிடம் குரலைத் தாழ்த்தினார். "சினிமாவுல கத்திப் போட்டு வந்துருக்குது. இதோட வுட்டுச்சே, அதுவரைக்கும் நல்லது. இனி எவன் வந்து கட்டுவான்?"

நான் சிலேட்டில் 'எல்லாம் கேட்கிறது அக்கா' என்று எழுதிக் காட்டினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. சிலேட்டை வாங்கி, தூரப் பிடித்துப் பார்த்து, "எழுத்து முத்து முத்தா இருக்குது கண்ணு," என்று திருப்பிக் கொடுத்தார்.

அன்று சிரித்தேன் என்று நினைக்கிறேன். அதன் பிறகு வந்த மாதங்களில் சிரித்ததாக நினைவில்லை. எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது என் வழக்கம். போனவற்றை வரிசைப்படுத்தினேன். வேலை. கோயிலில் வாசகம் வாசிப்பது. பாட்டு. அண்ணனோடு சண்டை. சண்டையையும் சேர்த்தேன், ஏனென்றால் குரல் இல்லாதவளோடு யாரும் சண்டைக்கு வருவதில்லை. பாவம் என்று விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். அது எல்லாவற்றிலும் கேவலமாக இருந்தது. இருப்பவை என்று ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தேன். ஒன்றும் எழுதவில்லை. காலையில் கண் விழிக்கும்போது ஏன் விழித்தோம் என்று இருக்கும்.

மௌனமாக இருக்கச் சொன்ன வாரங்கள் முடிந்ததும் நான் கிசுகிசுக்க ஆரம்பித்தேன். இதை விளக்க வேண்டும். ஒலிப்பதிவுப் பெட்டியில் ஓர் ஊசி உண்டு. சாதாரணமாகப் பேசினால் அது பாதிக்கு மேல் ஏறும். அலறினால் சிவப்புக்குள் போகும். காற்றால் மட்டும் பேசினால் அசையவே அசையாது. மருத்துவர் அளவாகப் பேசு என்றார். எனக்குத் தெரிந்த அளவு அந்த ஊசிதான். ஊசி அசையாவிட்டால் தொண்டைக்கும் பளு இல்லை என்று முடிவு செய்தேன். ஒருவரையும் கேட்கவில்லை. மாதக்கணக்கில் வெறும் காற்றாகவே பேசினேன். ஆறிவிடும், ஆறிவிடும் என்று காத்திருந்தேன். காற்றும் நாளுக்கு நாள் சுருங்கியது. ஆடி மாதத்துக்குள் ஒரு வாக்கியம் பேசினால் தொண்டை எரிந்தது.

எங்கள் வீட்டில் மாலையில் செபமாலை சொல்வோம். உங்களுக்குத் தெரியும், ஒவ்வொரு மந்திரத்தையும் ஒருவர் பாதி சொல்ல வேண்டும், மற்றவர் மீதியை முடிக்க வேண்டும். அண்ணன் நிலத்திலிருந்து திரும்ப நேரமாகும் என்பதால் முதல் பாதி அம்மாவுடையது, இரண்டாம் பாதி என்னுடையது. குரல் போனபின் நான் உதட்டை மட்டும் அசைத்தேன். பிறகு உதட்டையும் அசைக்கவில்லை. சர்வேசுரன் மேல் எனக்கு அவ்வளவு கசப்பு. அம்மா தன் பாதியைச் சொல்வார். நிறுத்துவார். என் பாதியைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் சும்மா இருப்பார். பிறகு அடுத்த மணி. ஒரு நாளும் என் பாதியை அவர் எடுத்துச் சொல்லவில்லை. அந்த இடத்தை யாருக்கும் கொடுக்கவும் இல்லை.

அம்மாவுக்குக் காது மந்தம் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு மந்தம் என்பது யாருக்கும் தெரியாது. கிசுகிசுப்பு அவருக்கு எட்டவே எட்டாது. அவரோடு பேச எனக்குச் சிலேட்டுகூட உதவவில்லை. அவருக்கும் எழுத்து தெரியாது. ஒரே வீட்டில், ஒரே பாயில், நாங்கள் இருவரும் கையசைத்துக்கொண்டிருந்தோம்.

1972 ஆவணியில் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு உப்பியது, கண் மஞ்சளானது. அண்ணனும் நானும் தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். படம் எடுத்தார்கள். ஈரலில் கட்டி, பரவியிருக்கிறது, வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னார். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வலிக்கு என்ன கொடுப்பது, எத்தனை வேளை, என்ன சாப்பாடு என்று நான்தான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். கிசுகிசுப்பில்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா இப்படிக் காத்துல பேசறீங்க?"

தொண்டையைக் காட்டி, ஆபரேஷன், அளவாகப் பேசச் சொன்னார்கள் என்றேன்.

"அளவான்னா இதுவா? கத்தறதுக்கு அடுத்தபடியா தொண்டைக்குக் கெடுதல் இதுதான். நாணைப் பிடிச்சு இறுக்கிக்கிட்டே இருக்கீங்க. எத்தன நாளா?"

நான் சொன்னேன். அவர் திட்டவில்லை. தலையைக் குனிந்து, பெங்களூரில் பேச்சுப் பயிற்சி தருகிற ஒரு மருத்துவமனையின் பெயரை எழுதிக் கொடுத்தார். அம்மா பிழைக்க மாட்டார் என்ற செய்தியும் என் மருந்தும் ஒரே மேசையிலிருந்து வந்தன. அன்று இதில் எந்த அருளையும் நான் காணவில்லை. தாளை மடித்துப் பையில் போட்டேன். போகிற எண்ணமும் இல்லை.

போக வைத்தது அம்மா. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். உயிர் பிரிகிற நேரத்தில் நெருங்கியவர் ஒருவர் காதில் சேசு, மரி, சூசை என்று திருக்குடும்பத்தின் திருநாமங்களைச் சொல்ல வேண்டும். எல்லாம் அடங்கிய பிறகும் காது கடைசிவரை விழித்திருக்கும் என்பார்கள். தனக்கு என்ன என்று அம்மாவிடம் நாங்கள் சொல்லவில்லை, ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது. கட்டிலில் படுத்தபடி அண்ணனிடம் சொன்னார்.

"எங்காதுல பிலோமிதான் சொல்லோணும்."

அண்ணன் அவர் பக்கம் குனிந்து, சத்தமாக, "அதுக்கெல்லாம் இன்னும் எத்தனையோ நாள் கெடக்குதும்மா," என்றார். "அப்பிடியே ஆனாலும் கோயில் உபதேசியாரு இருக்காரு. அவரு சொல்லுவாரு."

"அவரு ஊருக்கே சொல்றவரு. எனக்கு எம்புள்ள சொல்லோணும்."

"அப்ப நாஞ் சொல்றேன்."

"நீ அழுதுருவ. பேரு பாதில நின்னுடும். எனக்குத் தெரியாதா உன்ன," என்றார் அம்மா.

அண்ணன் அப்போதே அழுதுகொண்டுதான் இருந்தார். நான் எழுந்து, பூசை இல்லாத வேளையில் திறந்துகிடந்த கோயிலுக்குப் போனேன். அதுவரை நான் கேட்டதெல்லாம் என் பழைய குரலை. கம்பி போன்ற அந்தக் குரலை, எந்தக் குறையும் இல்லாமல். அன்று வேறு மாதிரி கேட்டேன். முழங்காலில் இல்லை, பெஞ்சில் உட்கார்ந்துதான். அம்மா பிழைக்க வேண்டும் என்று முதலில் கேட்டேன். பிறகு, அது உமக்குச் சித்தமில்லை என்றால், மூன்று பெயர்களை அவர் காதில் சொல்ல எனக்கு ஒரு குரல் கொடும், எந்தக் குரலானாலும் சரி என்றேன். எந்தக் குரலானாலும் சரி என்பதைச் சொல்ல எனக்கு வெகுநேரம் பிடித்தது.

மறுநாள் ஓசூர் பஸ் ஏறி, அங்கிருந்து பெங்களூர் போனேன். பயிற்சி கொடுத்தவர் வனஜா என்கிற கன்னடப் பெண், என் வயதுதான் இருக்கும். நான் வாய் திறந்ததுமே கையை நீட்டி நிறுத்தினார். "பேடா, பேடா. வேண்டாம். காத்த வுடாதீங்க. சத்தத்த வுடுங்க."

சத்தம் இல்லை என்று கிசுகிசுத்தேன்.

"இருக்குது. நீங்க வெளிய வுட மாட்டேங்கறீங்க."

கொட்டாவி விடச் சொன்னார். கொட்டாவி இறங்கி முடிகிற இடத்தில், உதட்டை மூடி 'ம்' என்று சேர்க்கச் சொன்னார். ஒரு கையை நெஞ்சில் வைத்து, அது அதிர்கிறதா என்று பார்க்கச் சொன்னார். முதல் நாள் அதிரவில்லை. மூன்றாம் முறை போனபோது அதிர்ந்தது. வந்த சத்தத்தைக் கேட்டு எனக்கே அருவருப்பாக இருந்தது. தாழ்வாக, கனமாக, ஓரத்தில் கிழிந்து, ஓர் ஆணின் குரல் போல இருந்தது. இதை மேலே ஏற்ற முடியாதா என்று கேட்டேன்.

"இப்ப உங்க தொண்டைல இருக்கற குரல் இதுதான்ரீ. புடிச்சா வெச்சுக்கோங்க. புடிக்காட்டியும் இதுதான்," என்றார்.

எந்தக் குரலானாலும் சரி என்று சொன்னவள் நான். வைத்துக்கொண்டேன்.

ராகிக் கொல்லைக்குள் போய்ப் பயிற்சி செய்தேன். அறுவடைக்கு முன் ஒரு நாள் ராமக்கா கையில் குச்சியோடு வரப்பில் ஓடி வந்தார். "எவளோ எருமைய மேய வுட்டுட்டான்னு வந்தேன். நீதானா?"

"நான்தாங்க்கா," என்றேன்.

அவர் குச்சியைக் கீழே போட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "பேசறியா கண்ணு. பேசு, பேசு. எருமையாட்டம் இருந்தா என்ன, பாலு கறந்தா சரி," என்றார்.

அம்மாவிடம் அன்று சொல்லவில்லை. ஒரு முழு மந்திரத்தின் பாதியைக் குரல் உடையாமல் சொல்ல வரும்வரை காத்திருந்தேன். கிறிஸ்து பிறப்புக்கு முந்தின வாரம் ஒரு மாலை, அம்மா படுத்தபடியே முதல் மணியைப் பிடித்துத் தன் பாதியைச் சொல்லி நிறுத்தினார். கண்ணை மூடியிருந்தார். நான் என் பாதியைச் சொன்னேன்.

அம்மா கண்ணைத் திறந்தார். "யாரு?"

"நான்தாம்மா."

"உங்கப்பனாட்டம் இருக்குது." என் முகத்தைப் பார்த்தார். "இன்னொருக்கா சொல்லு."

சொன்னேன். அவர் மணியைத் தள்ளவில்லை. மாலையை மார்பில் வைத்துவிட்டு, "நல்லாக் கேக்குது," என்றார். பிறகு நான் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார்.

"நீ மெட்ராசு போன காலத்துலேயே உம்பேச்சு எனக்குக் கேக்காது புள்ள. கீச்சு கீச்சுன்னு ஏதோ வரும். வாயப் பாத்துத் தலையாட்டிக்குவேன்."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ பேசறத நிறுத்திருவ." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நீ அழுவுற படத்துக்குக் காரிமங்கலம் சினிமாக் கொட்டாய்க்கு அந்தோணி கூட்டிட்டுப் போனான். ஒண்ணுங் கேக்கல. எல்லாரும் அழுதாங்க, நானும் அழுதேன்."

இதை நான் படித்தவள். வயதானவர்களின் காது முதலில் இழப்பது உச்ச ஒலிகளைத்தான். தாழ்ந்த ஒலிகள் கடைசிவரை நிற்கும். வகுப்பில் வரைந்து காட்டினார்கள், தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கினேன். என் தாயின் காதோடு அதைச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நான் இழந்துவிட்டேன் என்று மாதக்கணக்கில் அழுத அந்தக் குரல், பட்டணமே பாராட்டிய அந்தக் குரல், அவர் காதுக்கு எட்டியதே இல்லை. அது திரும்பி வந்திருந்தால் அவர் கடைசி நேரத்தில் கீச்சென்ற ஏதோ ஒன்றைக் கேட்டுத் தலையாட்டியிருப்பார். நான் ஜெபித்தபடியே அது கிடைத்திருந்தால் என் ஜெபம் வீணாகியிருக்கும்.

அம்மா பிழைக்கவில்லை. அதையும் கேட்டேன், அது கிடைக்கவில்லை என்பதை இங்கே மறைக்கக் கூடாது. வலி கொடியதாக இருந்தது. மருந்து போதவில்லை. சில நாட்கள் அவர் யாரையும் அருகில் விடவில்லை, மாதாவையே கோபித்தார். ஆனால் அந்த மாதங்களில் நாங்கள் பேசினோம். அப்பா எப்படிப் பெண் பார்க்க வந்தார் என்பது முதல், அண்ணனுக்கு எந்தக் கொல்லை, ராமக்காவுக்கு எந்த வாய்க்கால் என்பது வரை. பேசிப் பேசி ஒரு முறை சண்டையும் போட்டுக்கொண்டோம். கஞ்சிக்கு உப்பு பற்றிய சண்டை. அது முடிந்ததும் நான் வெளியே போய் நின்று சர்வேசுரனுக்கு நன்றி சொன்னேன்.

1973 தவக்காலத்தில், வெயில் ஏறிய முற்பகலில், அம்மாவின் மூச்சு மாறியது. சாமியார் வந்து, சாகிறவர்களுக்கான அவஸ்தை எண்ணெய் பூசிவிட்டுப் போயிருந்தார். அண்ணன் கால்மாட்டில் உட்கார்ந்து, அம்மா சொன்னபடியே, அழுதுகொண்டிருந்தார். ராமக்கா வாசல்படியில் நின்றார். நான் தலைமாட்டில் குனிந்து, கையை என் நெஞ்சில் வைத்து, அதிர்வதைப் பார்த்துக்கொண்டு, சேசு என்றேன். மரி என்றேன். சூசை என்றேன். அம்மாவின் கண் திறக்கவில்லை. உதடு அசைந்தது. நான் சொல்லி நிறுத்திய பிறகு அது அசைந்தது. நான் மறுபடி சொன்னபோது நின்று காத்திருந்தது. முறை தவறவில்லை. பிறகு ஒரு முறை நான் சொல்லி நிறுத்தினேன். உதடு அசையவில்லை. நான் காத்திருந்தேன். அவர் எனக்காகக் காத்திருந்த அளவுக்குக் காத்திருந்தேன்.

இப்போது சென்னையில் மறுபடி வேலை பார்க்கிறேன், பெரும்பாலும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், இயந்திரத்தில். எப்போதாவது ஒரு கிழவிக்கோ, பேய்க்கோ, உழவர்களுக்கான படத்துக்கோ தாழ்ந்த குரல் வேண்டும் என்றால் கூப்பிடுகிறார்கள். அலறுவதற்கு வருகிற புதிய பெண்களை நான் அதிக நேரம் அலற விடுவதில்லை. படம் தாமதமாகிறது என்று திட்டு வாங்குகிறேன். ஊருக்குப் போகும்போது காது மந்தமான பெரியவர்கள் வீட்டுக்கு என்னை அழைக்கிறார்கள். போகிறேன். நற்செய்தி வாசிக்கிறேன். சில வீடுகளில் அதற்கு மேல் சொல்ல வேண்டிய நேரமும் வந்திருக்கிறது.

இதை வாசிக்கிறவர்களில் யாரோ ஒருவர் இப்போது சுவரைப் பார்த்துப் படுத்திருப்பீர்கள். உங்களுக்கு எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்று நான் சொல்லத் துணிய மாட்டேன்; எனக்குக் கிடைக்கவில்லை. கேளுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். எது வேண்டும் என்று கேளுங்கள், எப்படி வேண்டும் என்பதை அவரிடம் விட்டுவிடுங்கள். அவர் கைக்கு அதை விட்டுக்கொடுக்க எனக்கு ஒரு மாலை முழுதும் ஆயிற்று. உங்களுக்கும் ஆகலாம். பரவாயில்லை, உட்காருங்கள்.

இந்தக் குரலில் பாட முடியாது. வாசகம் நீளமாக இருந்தால் பாதியில் உடைந்துவிடும். சாகிற ஒருவரின் காதில் ஒரு பெயரைச் சொல்ல முடியும். அதைத்தான் கேட்டேன். அதைத்தான் தந்தார்.